மாதிரி ரயில்பாதையில் கையால் இயக்கும் பாதைமாற்றி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள சாஆ நகருக்கு அருகிலுள்ள லாபிஸ், பெக்கோக் நிலையங்களின் வழியே செல்லும், கெமாசையும் ஜொகூர் பாருவையும் 1909இல் இணைத்த இருப்புப்பாதை, தண்டவாளங்களுக்கிடையே 1,000 மில்லிமீட்டர் அகலமுடையது. அதனை 1:87 அளவில் வீட்டில் மாதிரியாக அமைப்போர் 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தைப் பயன்படுத்துவது வழக்கம்.

இத்தகைய மாதிரியில், வண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் பாதைமாற்றியை இயக்க, விலை மிகுந்த மின்மோட்டாரைவிட, பலகையின் ஓரத்தில் பொருத்தும் தள்ளு சுவிட்சே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. சுவிட்சின் நகரும் பிடியில் சிறு துளையிட்டு, அதில் மாட்டிய கம்பியின் மறுமுனையை, பாதைமாற்றியின் நகரும் தண்டவாள நாக்குகளை ஒன்றாகப் பிணைக்கும் குறுக்குச் சட்டத்துடன் இணைக்க வேண்டும். சுவிட்சு நகரும் தூரம் சட்டம் நகரும் தூரத்தைவிடப் பெரும்பாலும் மிகுதி என்பதால், கம்பியின் நடுவே ஆங்கில வி எழுத்தைப் போன்ற வளைவொன்றை அமைப்பது இன்றியமையாதது. அது வில்லாகச் செயல்பட்டு மிகை அசைவை ஏற்பதுடன், நாக்கைத் தண்டவாளத்தோடு இறுக அழுத்தியும் வைக்கிறது.

இரு பாதைகளின் உட்தண்டவாளங்கள் சந்திக்கும் உலோக முனை தனித்து மின்காப்புச் செய்யப்பட்டிருந்தால், அம்முனையைச் சுவிட்சின் நடு இணைப்பிலும், இரு வெளித்தண்டவாளங்களைப் பக்க இணைப்புகளிலும் சேர்க்கலாம். வண்டி ஏறியதும் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பக்கக் கம்பிகளை இடம் மாற்றினால் போதும்.

ஜொகூரின் ஈரப்பதத்தில் மரப்பலகை உப்பிக் கம்பியை இறுக்கக்கூடும் என்பதால், கம்பி செல்லும் துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் பிளாஸ்டிக் குழாய் செருகுவதும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைத் தேர்வதும் நலம்.