நிலத்தடிப் பொருளும் உலோகங்காண் கருவியும்

பொன்னையும் பொருளையும் மண்ணுட் புதைத்து வைத்தல் பண்டுதொட்டு மக்களிடை நிலவிவந்த வழக்கமாகும். வங்கியும் இரும்புப் பெட்டியும் இல்லாத காலத்திலே நிலமே மக்களுக்குக் காவற்கூடமாயிருந்தது. போர் வருமென்று அஞ்சிப் புதைத்தோர் பலர். மீண்டு வந்து எடுக்குமுன் மாண்டோரும் பலர். அவ்வாறு எஞ்சிய பொருள்களோடு, உழவன் கைதவறவிட்ட காசும், வழிப்போக்கன் இழந்த மோதிரமும், உடைந்த கொளுக்கியும் பொத்தானும் மண்ணுட் கிடக்கின்றன. இவற்றை உலோகங்காண் கருவி கொண்டு தேடுதல் இங்கிலாந்திலே இன்று ஆயிரக்கணக்கானோர்க்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காய் விளங்குகின்றது. நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் அந்நாட்டிற் குடியேறி வாழ்கின்றனர். மேலும் இக்கருவியின் தத்துவம் பௌதிகவியல் பயிலும் மாணவர்க்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஆதலின், இத்தகைய கருவியைத் தெரிவு செய்வது எங்ஙனம், அதனை மேம்படுத்துவது எப்பொழுது, அதனாற் கண்டதனை யாது செய்வது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

கருவியின் வரலாறு

மைக்கல் பரடே 1831 இற் கண்ட மின்காந்தத் தூண்டலே இக்கருவிக்கு அடிப்படையாகும். 1881 யூலை 2 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி காபீல்ட் சுடப்பட்டார். அவருடலுட் புதைந்த குண்டு எங்குளது என்று மருத்துவர் அறியாது திகைத்தபோது, தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தூண்டற் சமனிலைக் கருவியொன்றை அமைத்துத் தேடினார். ஆயினுங் குண்டு அகப்படவில்லை. படுக்கையின் அடியிலிருந்த உருக்குச் சுருள்கள் கருவியை மயக்கின என்பர். அன்றியும், தலைமை மருத்துவர் உடலின் வலப்பக்கத்தைச் சோதிக்கவே இடங்கொடுத்தார். குண்டோ இடப்பக்கத்திற் கிடந்தது. செப்டெம்பர் 19 இற் சனாதிபதி உயிர் நீத்தார். கருவி எத்துணை நன்றாயினும், தேடும் இடமுஞ் சூழலும் பொருந்தாவிடின் பயனில்லை என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது, 1941 இல், இசுக்கொத்துலாந்திலே தங்கியிருந்த போலந்துப் படையதிகாரி கோசாட்ஸ்கி என்பார் ஒருவர் கையாளத்தக்க கண்ணிவெடி காண் கருவியை அமைத்தார். 1942 இல் எல் அலமீன் போர்க்களத்தில் அது பயன்பட்டது. போர் முடிந்தபின் மிகுந்துகிடந்த அத்தகைய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. பின்னர்த் திரான்சிற்றர் தோன்றவே, பாரமான கருவி இலேசாயிற்று, பொழுதுபோக்கும் பிறந்தது.

கருவி தொழிற்படும் முறை

கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டினுள் இரு கம்பிச் சுருள்கள் உள. ஒன்றினூடு ஆடலோட்டம் பாயும்; அது மண்ணுள் மாறுங் காந்தப்புலத்தை உண்டாக்கும். அப்புலத்தில் உலோகம் அகப்படின், அதனுட் சுழிப்போட்டம் எழும். அவ்வோட்டந் தானும் ஒரு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். மற்றைச் சுருள் அதனை உணர்ந்து ஒலியாக்கும். மீண்டு வருஞ் சைகை சென்ற சைகைக்கு எவ்வளவு பிந்தியது என்னும் அவத்தை வேறுபாட்டைக் கொண்டு, கிடப்பது இரும்போ, வெள்ளியோ, செம்போ என்று கருவி ஊகிக்கின்றது. அது ஊகமேயன்றி உறுதியன்று. மெல்லிய பொன் மோதிரமும் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே சைகையைத் தருவனவாதலின், குப்பையென்று தாளை விலக்குமாறு கருவியைத் திருப்பியவன் பொன்னையும் விலக்கியவனாவான்.

மீடிறனும் இங்குக் கருதற்பாலது. வினாடிக்கு 5000 முதல் 8000 வரை அலையுங் குறைந்த மீடிறன் பெரிய வெள்ளிக் காசு போன்ற நற்கடத்திகளுக்கு ஏற்றது. 20,000 உம் அதற்கு மேற்பட்டதுமான மீடிறன் மெல்லிய, சிறிய பொருள்களை நன்கு உணரும். ஒரே நேரத்திற் பல மீடிறன்களை ஏவுங் கருவிகளும் உள. கடல்நீர் தானே மின்னைக் கடத்துமாகையால், ஈரக் கடற்கரையில் ஒற்றை மீடிறன் கருவி இடைவிடாது பொய்யொலி எழுப்பும். பன்மீடிறன் கருவி அதனைப் பெரிதுந் தவிர்க்கும். துடிப்பு முறையில் இயங்கும் வேறொரு வகையும் உண்டு. அது குறுந்துடிப்புக்களை அனுப்பி, அவை ஓய்ந்தபின் வரும் எதிரொலியைச் செவிமடுப்பது. உப்புநீரும் இரும்புக் கனிமம் மிக்க மண்ணும் அதனை அதிகம் மயக்கா. எனினும் உலோகங்களைப் பகுத்தறிதலில் அது குறைபாடுடையது; ஆணி நிறைந்த வயலுக்கு அது ஆகாது.

ஆழமும் விலையும்

விலை இருமடங்கு கொடுத்தால் ஆழமும் இருமடங்கு காணலாம் என்று பலர் எண்ணுகின்றனர். பௌதிகவியல் இதற்கு இசையாது. சுருளின் ஆரையினும் பன்மடங்கு ஆழத்திற் கிடக்குஞ் சிறு பொருளொன்றைக் கொள்வோம். சுருளிலிருந்து செல்லும் புலம் தொலைவின் முப்படிக்கு நேர்மாறாய்க் குறையும். பொருளிலிருந்து மீளும் புலமும் அவ்வாறே குறையும். ஆகவே மீளுஞ் சைகை தொலைவின் ஆறாம் அடுக்குக்கு நேர்மாறாகும். ஆழம் இருமடங்காயின் சைகை 64 இல் ஒரு பங்காய்ச் சுருங்கும். அத்துணை ஆழமில்லாதவிடத்தும் வீழ்ச்சி கடியதே. வலுவைப் பெருக்கினாலோ, மண்ணிலிருந்து வரும் வேண்டாச் சைகையும் உடன்பெருகும். எனவே விலையுயர்ந்த கருவி தருவது பெரும்பாலும் ஆழமன்று; குப்பைக்கு நடுவே பொருளைப் பிரித்தறியுந் திறனும், கடினமான மண்ணிலும் அமைதியாக இயங்கும் பண்புமேயாம்.

தெரிவு செய்தல்

கருவி வாங்க விழைவோன் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே கடைக்குச் செல்லல் வேண்டும்.

முதலாவது, எந்நிலத்திற் றேடப்போகின்றேன்? உழுத வயலுக்கும் புல்வெளிக்கும் சாதாரண ஒற்றை மீடிறன் கருவி போதும். ஈரக் கடற்கரையே குறிக்கோளாயின் பன்மீடிறன் கருவியோ துடிப்புக் கருவியோ வேண்டும். இரும்புக் கனிமம் மிக்க செம்மண்ணிலே, மண்ணின் சைகையைச் சமன்செய்யும் ஒழுங்கு கருவியில் இருத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, எப்பொருளைத் தேடப்போகின்றேன்? நாணயமா, சிறு பொன்துணுக்கா, பெரும் புதையலா என்பதற்கேற்ப மீடிறனுஞ் சுருளும் வேறுபடும். பெரிய சுருள் பெரிய பொருளை ஆழத்திற் காணும். சிறு காசைத் தவறவிடும். சிறிய சுருள் ஆழம் காணாதெனினும், இரு ஆணிகளுக்கிடையே கிடக்குங் காசைத் தனித்துக் காட்டும்.

மூன்றாவது, யார் கையாளப்போகின்றார்? நான்கு மணி நேரம் கையில் ஏந்தி வீசவேண்டிய கருவியில் சிறு பாரமும் பெரும் பாரமாகும். முதியோர்க்கும் சிறுவர்க்கும் இலேசான கருவியே நன்று. தண்டின் நீளத்தைத் தத்தம் உயரத்துக்கு ஏற்பக் குறைக்கவும் கூட்டவும் இயலுமோ என்பதையும் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்காவின் கரெற், அவுத்திரேலியாவின் மைன்லாப், பிரான்சின் எக்ஸ்பி, துருக்கியின் நொக்ரா முதலியன பெயர்பெற்ற நிறுவனங்கள். இவற்றுள் எது சிறந்தது என்னும் வாதத்திற் காலம் போக்குதல் வீண். தொடக்கக்காரனுக்கு ஏற்றது, பொத்தான்கள் சில உடையதும், பழுதுபார்ப்பாரும் உதிரிப்பாகமும் அண்மையிற் கிடைப்பதுமான எளிய கருவியாகும். பழைய கருவியை வாங்குவோர் மேசைமீது காசை வைத்துச் சோதித்தல் போதாது. காற்றில் நன்கு ஒலிப்பது மண்ணில் ஒலியாது போதலும் உண்டு.

மேம்படுத்தல்

கருவி வாங்கி ஒரு திங்கள் செல்லுமுன் அதனினும் உயர்ந்த கருவியை நாடுவோர் பலர். அவர்களுக்கு வேண்டுவது பெரும்பாலும் புதிய கருவியன்று, பழகிய செவியேயாம். வீட்டுத் தோட்டத்திலே ஒரு சோதனைப் பாத்தி அமைக்கலாம். செம்புக் காசு, வெள்ளிக் காசு, இரும்பாணி, அலுமினியத் துண்டு ஆகியவற்றை 4, 6, 8 அங்குல ஆழங்களிற் புதைத்து, ஒவ்வொன்றும் எழுப்பும் ஒலியைப் பலநாள் கேட்டுப் பழகுதல் வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, பயனோ பெரிது.

செலவு செய்யத் துணிந்தார்க்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நல்ல செவிப்பன்னி வேண்டும். காற்றொலியில் மறையும் மெல்லிய சைகைகள் அதனாற் றெளிவாகக் கேட்கும். அடுத்து, தோண்டிய குழியினுட் பொருள் எங்குளது எனத் துல்லியமாகக் காட்டுஞ் சிறு கைக்கருவி. அது நேரத்தை மிச்சப்படுத்துவதோடு, பொருளின்மேல் மண்வெட்டி படாமலுங் காக்கும். மூன்றாவது, தேடும் நிலத்துக்கேற்ற வேறொரு சுருள். ஆணி மலிந்த பழைய குடியிருப்பு நிலத்திற் சிறிய சுருளொன்று புதிய கருவியைப்போலப் பயன்தரும். இவற்றின் பின்னரும், நிலமோ கடற்கரையோ கருவியின் இயல்புக்கு ஒவ்வாதிருக்குமாயின் மட்டுமே கருவியை மாற்றல் தகும்.

2009 யூலையிலே ஸ்ரபோட்சயர் மாவட்டத்தின் ஹமர்விச் என்னும் ஊரில், வயலொன்றில் அங்கிலோ சட்சனியர் காலத்துப் பொற்குவியல் அகப்பட்டது. துண்டுகளையுஞ் சேர்த்து எண்ணினால் அவை 4000 இற்கும் மேற்பட்டவை. மதிப்பு 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுண். கண்டெடுத்தவர் வைத்திருந்தது பழைய, மலிவான கருவியே. நற்பேறு விலைச்சீட்டைப் பார்த்து வருவதன்று.

சட்டமுங் கடமையும்

இனிக் கூறப்போவது கருவியைப் பற்றிய எதனினும் முதன்மையானது. இங்கிலாந்தில் நிலவுரிமையாளரின் இசைவின்றித் தேடலாகாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துதலை 1979 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. 1996 ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, புதையல் எனத்தக்கதைக் கண்டவர் 14 நாட்களுள் மரண விசாரணையதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். நூதனசாலை அதனைப் பெற விரும்பின் பெறுமதிக்கேற்ற வெகுமதி உண்டு. கண்டவரும் நிலவுரிமையாளரும் அதனை வழக்கமாகப் பகிர்ந்துகொள்வர்.

சட்டத்தின் கருத்து யாது? 2015 ஆம் ஆண்டு நிகழ்ந்த இரு கண்டுபிடிப்புக்கள் இதனை விளக்கும். இரண்டும் ஒன்பதாம் நூற்றாண்டில், வைக்கிங்கர் படையெடுத்த காலத்திற் புதைக்கப்பட்டவை. ஒட்சுபோட்டுசயரின் வாற்லிங்ரன் என்னுமிடத்தில் தேடியவர், பொருளைக் கண்டதும் தோண்டுதலை நிறுத்தி அதிகாரிகளுக்கு அறிவித்தார். அறிஞர் வந்து மண்ணோடு ஒரு கட்டியாய்ப் பெயர்த்தெடுத்து, பிரித்தானிய நூதனசாலையில் நுணுகி ஆய்ந்தனர். அதிலிருந்த ஏறக்குறைய 200 நாணயங்களிற் சில, வெசெக்ஸ் மன்னன் அல்பிரட்டும் மேர்சியா மன்னன் இரண்டாம் சேயொல்வுல்பும் ஒரே வகை நாணயத்தை வெளியிட்டமையைக் காட்டின. வைக்கிங்கரின் கைப்பாவையென்று பழைய வரலாற்றேடு இகழ்ந்த சேயொல்வுல்ப், அல்பிரட்டின் நேசனாய் விளங்கினான் என்னும் உண்மை இதனால் வலியுறுத்தப்பட்டது. அக்குவியல் இன்று ஒட்சுபோட்டு அஷ்மோலியன் நூதனசாலையில் யாவருங் காணக் கிடக்கின்றது.

லெம்ஸ்ரர் நகருக்கு அண்மையில் அகப்பட்ட மற்றைக் குவியலிலும் அவ்விரு மன்னரின் நாணயங்கள் இருந்தன. ஏறக்குறைய 300 என மதிக்கப்படும் அவற்றை, கண்டவர்கள் மறைத்து விற்றனர். 2019 இல் அவர்களுக்கு நீண்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வேளை மீட்கப்பட்டிருந்த நாணயங்கள் 31 மட்டுமே. ஏனையவற்றோடு அவை எவ்வடுக்கில், எவற்றோடு, எங்ஙனங் கிடந்தன என்னுஞ் செய்தியும் அழிந்தது. விற்றவர் இழந்தது பொருளை. நாடு இழந்தது தன் வரலாற்றின் ஓரேட்டை.

நம் நாட்டு நிலை முற்றிலும் வேறு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, கண்டறியப்படாத தொல்பொருள் அரசின் உடைமையாகும். அனுமதிப்பத்திரமின்றி அதனைத் தேடி அகழ்தல் குற்றமாகும். ஆதலின் இப்பொழுதுபோக்கு இங்கு மேற்கொள்ளத்தக்கதன்று. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையொன்று, ஈமப் புதைப்பின் எலும்புக்கூட்டோடு கிடைத்தது. அவ்வாறு கிடைத்தமையாலேயே அதன் காலத்தையும் அதற்குரியோர் பண்பாட்டையும் ஆராய முடிந்தது. புதையல் தோண்டுவோர் கையில் அது முன்னரே அகப்பட்டிருப்பின், பெட்டியிற் கிடக்கும் ஊமைப் பொருளாயிருக்கும். மேலும், வடபுலத்து மண்ணிற் போர்க்காலத்து வெடிபொருள்கள் புதைந்து கிடந்தன. அவற்றை அகற்றுவோர், பெண்கள் பலர் உட்பட, இதே தத்துவத்தில் இயங்குங் கருவியை ஏந்தி அங்குலம் அங்குலமாக நிலத்தைச் சோதித்து வந்துள்ளனர். அவர்களுக்கு ஒவ்வோர் ஒலியும் உயிரோடு தொடர்புடையது.

முடிவுரை

பௌதிகவியல் மாணவன் இக்கருவியைக் கண்டு தூண்டலின் இயல்பை உணர்வானாக. அயல்நாட்டில் வாழும் அன்பர் இதனை ஏந்தி வயலிற் செல்வாராயின், எளிய கருவியோடு தொடங்கி, செவியைப் பழக்கி, தேவை கண்டு ஒவ்வொன்றாய் மேம்படுத்துவாராக. ஆயினும் கருவியின் பணி ஒலியெழுப்புவதோடு முடிந்துவிடும். மண்ணுட் பலவாய்ச் செறிந்து கிடக்கும் பழம்பொருள் தென்பட்டவுடன் மண்வெட்டியைக் கீழே வைத்து, அறிந்தோரை அழைக்குங் கட்டுப்பாடு எக்கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று. அதுவே இத்துறையிற் பெறத்தக்க மிகவுயர்ந்த மேம்பாடாகும்.