பழைய டிராக்டர் ஒயரிங்கில் ஈயம் வைக்கும் முறை

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பிசானத் தொளி உழவு தொடங்கும்போதுதான் பழைய டிராக்டர்களின் ஒயரிங் கோளாறும் தலைகாட்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் கேஜ் வீல் வாரியிறைக்கும் சேற்று நீர் டெர்மினல்களுக்குள் புகுந்து, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. விளக்கு மங்கும், பேட்டரி சார்ஜ் ஏறாது. களிம்பேறிய இணைப்பில் மின்தடை கூடுவதால் அவ்விடம் சூடாகும். வைக்கோல் ஏற்றிவரும் வண்டியில் இது தீ விபத்தாகவும் முடியலாம். ஆகவே பிசான அறுவடை முடிந்து வண்டி ஓய்ந்திருக்கும் நாட்களில் ஒயரிங்கைச் சீர்செய்து கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள். பிறகு மற்றதைக் கழற்றி, பேட்டரியையே அப்புறப்படுத்துங்கள். அதிலிருந்து வரும் வாயு தீப்பற்றக்கூடியது.

கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. கத்தியால் சுரண்டிப் பார்ப்பது வீண்வேலை. பளபளப்பான செம்பு தெரியும் வரை கம்பியை வெட்டிவிட வேண்டும். நீளம் போதாவிட்டால் அதே கனமுள்ள கம்பியை இணையுங்கள். ரப்பர் உறை பொடிந்து உதிர்கிறதென்றால் அந்தக் கம்பி முழுவதையும் மாற்றுவதே மேல்.

சிலீவை முன்கூட்டியே கம்பியில் கோத்துக்கொண்டு, லக்கை இறுக்கி நசுக்குங்கள். ஈயம் வைக்கும் முன்பே இழுத்தால் வராத அளவுக்கு அது பிடித்திருக்க வேண்டும். 60 வாட் பற்றுக்கோலின் முனையை லக்கில் வைத்துச் சூடேற்றி, 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த, நடுவில் ரெசின் உள்ள ஈயக்கம்பியைச் செம்பில் தொடுங்கள், கோலில் தொடவேண்டாம். ஏறத்தாழ 190 டிகிரி சென்டிகிரேடில் ஈயம் உருகித் தானே இழைகளுக்குள் ஓடும். உறையும் வரை அசைக்கக் கூடாது. அசைந்தால் பற்று மங்கிச் சொரசொரப்பாகும். மறுபடி சூடாக்க வேண்டியதுதான்.

நிறைய ஈயம் வைத்தால் நிறையப் பலம் என்று எண்ணுவோர் பலர். உண்மை நேர்மாறானது. மிகுந்த ஈயம் உறைக்குள் ஏறி, வளையும் கம்பியை விறைப்பான குச்சியாக்கிவிடும். இஞ்சின் அதிர்வில் ஈயம் முடியும் இடத்திலேயே கம்பி ஒடியும். உறைக்குள் ஒடிவதால் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே லக்கின் வாயோடு ஈயத்தை நிறுத்தி, இரண்டு அங்குலத்துக்குள் ஒரு கிளிப்பால் கம்பியைச் சட்டத்தோடு பிணையுங்கள்.

தகர வேலைக்கான திராவகத்தைத் தொடவே வேண்டாம்; அது செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் கனத்த கேபிளுக்கு ஈயம் ஏற்றதன்று. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்போது, இணைப்பு தளர்ந்திருந்தால் ஈயம் உருகிவிடும். அதற்குரிய லக்கைப் பட்டறையில் அழுத்தக் கருவியால் நசுக்கி வாங்குங்கள்.

காரீயம் நச்சுப்பொருள். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்து, சாப்பிடும் முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.