கைக்கு அடங்கும் மெட்டு: பியானோ பயிலும் இளம் கலைஞருக்கு ஒரு கடிதம்

பியானோவில் முதல் திரைப்பாடலை வாசிக்க முனைந்திருக்கும் இளம் கலைஞருக்கு,

பியானோ வகுப்பில் சேரும் மாணவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது, காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஏதோ ஒரு திரைப்பாடலைத் தம் விரல்களால் எழுப்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். அந்த ஆசை மதிக்கத் தக்கது. பயிற்சிப் புத்தகத்தின் வறண்ட பக்கங்களைக் கடக்கும் வலிமையை அது தருவதால், அதை அடக்கி வைப்பதைவிட அதற்கு நல்ல வழி காட்டுவதே பயன் தரும். ஆயினும், பிடித்த பாடல் எல்லாமே முதற்பாடலாக வாசிக்கத் தக்கதன்று. ஒரு பாடல் மெதுவாகச் செல்வதாலோ, ஊரெல்லாம் அறிந்ததாக இருப்பதாலோ பியானோவில் எளிதாகிவிடுவதில்லை. அதன் மெட்டு அக்கருவியின் இயல்போடும் பயில்பவரின் கையளவோடும் பொருந்தும்போதுதான் அது எளிதாகிறது. அந்தப் பொருத்தத்தைக் கண்டறியும் வழியைச் சொல்வதே இக்கடிதத்தின் நோக்கம்.

முதலில் கருவியின் இயல்பை அறிய வேண்டும். முழு அளவுப் பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளுமாக 88 கட்டைகள் உள்ளன. ஒரு ஸ்தாயி, அதாவது கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையுள்ள இடைவெளி, அதில் 12 சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கட்டையை அழுத்தியதும் உள்ளிருக்கும் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டுப் பின்வாங்குகிறது. தட்டிய பிறகு அந்த ஒலியை வளைக்கவோ, அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லவோ, பெருக்கவோ வாசிப்பவரால் இயலாது. நம் இசையின் உயிர்நிலையான கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் ஒலிக்கச் செய்யும் முறை, இக்காரணத்தால் பியானோவுக்குள் முழுமையாக வருவதில்லை. இந்தச் சிக்கல் பழையது. நிலையான ஸ்வரங்களைக் கொண்ட ஆர்மோனியம் இந்திய இசையின் நுட்பங்களுக்கு ஒவ்வாது என்ற வாதத்தின் பேரில், 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி அக்கருவிக்கு விதித்த தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

எனவே, கமகத்தையே அடித்தளமாகக் கொண்ட பாடல்களைத் தொடக்க நிலையில் தவிர்ப்பது நல்லது. ‘கவிக்குயில்’ (1977) படத்தில் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய, ரீதிகௌளை ராகத்தில் அமைந்த ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ இதற்குச் சான்று. அதன் ஸ்வரங்களைப் பிழையின்றி வரிசையாக அழுத்தினாலும், பாடகரின் குரல் ஸ்வரங்களுக்கு இடையே செய்த வேலை முழுவதும் விடுபட்டுப்போவதால், கேட்பவருக்குப் பாடலின் எலும்புக்கூடு மட்டுமே கிடைக்கும். குறை தம் விரல்களில் இருப்பதாக எண்ணி மாணவர் மனம் தளர்வார். ஸ்வரங்கள் நேராக நின்று ஒலிக்கும் மெட்டு கமகமின்றியே தன் முகத்தைக் காட்டிவிடும் ஆதலால், முதற்பாடலை அத்தகைய மெட்டுகளிலிருந்தே தெரிந்தெடுக்க வேண்டும்.

ஸ்வரங்களின் இந்த நேர்மையோடு இன்னும் இரண்டு சோதனைகளும் உள்ளன. ஒன்று மெட்டின் எல்லை, அதாவது மிகக் கீழான ஸ்வரத்துக்கும் மிக மேலான ஸ்வரத்துக்கும் உள்ள தொலைவு. மற்றொன்று அதன் நடை, அதாவது அடுத்தடுத்த கட்டைகளில் படிப்படியாகச் செல்கிறதா, தாவித் தாவிச் செல்கிறதா என்பது. ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ (1939) படத்துக்காக ஹெரால்ட் ஆர்லன் அமைத்த ‘ஓவர் தி ரெயின்போ’ மிக மெதுவான பாடல். ஆயினும் அதன் முதலிரண்டு ஸ்வரங்களே ஒரு முழு ஸ்தாயியைத் தாவுகின்றன. சிறுவர் கையில் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே அவ்வளவு விரிவு இருப்பதில்லை. மாறாக, ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965) படத்தில் ரிச்சர்ட் ராஜர்ஸ் இசையமைத்த ‘டோ ரே மி’ வேகமாகச் செல்வது போலத் தோன்றினாலும் பயில்பவருக்கென்றே வெட்டிய படிக்கட்டு போன்றது. சி மேஜரில், அதாவது ‘சி’ என்னும் வெள்ளைக் கட்டையை ஆதாரமாகக் கொண்ட சங்கராபரண ஸ்வரங்களில், அதை வாசிக்கும்போது ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைவிட ஒரு ஸ்வரம் மேலே தொடங்குகிறது. முதல் நான்கு அடிகளில் ஒவ்வோர் அடியும் அடுத்தடுத்த மூன்றே வெள்ளைக் கட்டைகளுக்குள் முடிந்துவிடுகிறது. ஐந்தாம் அடி கீழே தாவி, அங்கிருந்து ஆறு கட்டைகளைப் படிப்படியாக ஏறுகிறது. ஐந்து விரல்களால் ஆறு கட்டைகளைத் தொட வேண்டியிருப்பதால், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்துக் கையை நகர்த்தும் முறையை மாணவர் அங்கே கற்கிறார். ஆறாம் அடியில் எஃப் ஷார்ப் என்னும் ஒரு கறுப்புக் கட்டையும், ஏழாம் அடியில் அதனோடு ஜி ஷார்ப்பும் வந்து சேர்கின்றன. ஒரே பாடலுக்குள் இத்தனை பாடங்கள் முறையாக அடுக்கப்பட்டிருப்பது அரிது.

தமிழ்த் திரைப்பாடலை வாசிக்க விரும்புபவருக்கு மோகன ராகம் ஒரு பொன்வாசல். ஸ, ரி, க, ப, த என்னும் ஐந்து ஸ்வரங்களே கொண்ட ஔடவ ராகம் அது. பாடகர்கள் தம் சுருதியை ஆர்மோனியக் கட்டைகளின் வரிசையால் குறிப்பிடும் வழக்கப்படி, ‘சி’ ஒரு கட்டை, ‘டி’ இரண்டு கட்டை, எஃப் ஷார்ப் நாலரைக் கட்டை. அந்த நாலரைக் கட்டையை ஷட்ஜமாகக் கொண்டு, வெள்ளைக் கட்டை எதையும் தொடாமல், ஐந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் மோகனத்தின் ஆரோகணம் கிடைத்துவிடுகிறது. மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து நிற்கும் அக்கட்டைகளை விரல்நுனி தடவியே இனங்காணலாம் என்பதால், கண்ணைக் கட்டைகளிலிருந்து விடுவித்துக் காதுக்கு வேலை கொடுக்க முடிகிறது. கே. வி. மகாதேவன் இசையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘அமுதும் தேனும் எதற்கு’ (‘தை பிறந்தால் வழி பிறக்கும்’, 1958), இளையராஜாவின் ‘கண்ணன் ஒரு கைக்குழந்தை’ (‘பத்ரகாளி’, 1976) ஆகியவை இந்த ராகத்தில் அமைந்தவை. இவற்றிலும் கமகங்கள் உண்டு. ஆனால் அவற்றைக் கழித்த பின்னும் பல்லவி இன்னதென்று தெளிவாகப் புலப்படும் அளவுக்கு மோகனத்தின் ஸ்வரங்கள் தம் காலில் நிற்பவை. முதலில் பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது கைவந்த பிறகு அனுபல்லவிக்கும் சரணத்துக்கும் செல்வது போதுமானது. அதே ஐந்து கட்டைகளில் ஷட்ஜத்தை இடம் மாற்றினால், நம் இசைநூல்கள் கிரகபேதம் என்று குறிப்பிடும் முறையில், மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்தசாவேரி, சுத்ததன்யாசி ஆகிய நான்கு ராகங்களும் வெளிப்படுகின்றன. ஆகவே, இந்த ஐந்து கட்டைகளில் செலவிடும் உழைப்பு ஒரு பாடலோடு முடிவதில்லை.

வலக்கை மெட்டை அறிந்துகொண்டதும் இடக்கையின் பங்கு தொடங்குகிறது. பலர் தடுமாறி நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். ஒலிப்பதிவில் கேட்ட வாத்தியங்கள் அனைத்தையும் இடக்கையில் கொண்டுவர முயல்வதே அதற்குக் காரணம். மோகனப் பாடலுக்கு ஷட்ஜமும் பஞ்சமமும், தம்புராவில் ஒலிப்பதுபோல், சேர்ந்து நின்றாலே போதும்; மெட்டு எங்கு சென்றாலும் அவை முரண்படுவதில்லை. அடுத்த நிலையில் கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, பழகலாம். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடுக்கக் கூடிய மூன்று ஸ்வரக் கார்டுகள் இரண்டே: ஸ-க-ப என்னும் மேஜர் கார்டும், த-ஸ-க என்னும் மைனர் கார்டும். முன்னது தெளிவையும் பின்னது சற்றே கனிந்த சோகத்தையும் தருவதால், பாடலின் எந்த அடி எதைக் கேட்கிறது என்பதை மாணவர் தாமே வாசித்துப் பார்த்து முடிவு செய்யலாம்; இசையமைப்பாளர் செய்யும் தேர்வுகளில் ஒன்றை அவர் அப்போது தம் கையாலேயே செய்தவராகிறார். மூன்று எண்ணிக்கை கொண்ட வால்ட்ஸ் நடைப் பாடல்களில், முதல் எண்ணிக்கைக்குக் கீழ் ஸ்வரமும் அடுத்த இரண்டுக்குக் கார்டுமாக இடக்கை ஊசலாடும். ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தின் ‘எடல்வைஸ்’ பாடலும், ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்’ (1961) படத்தின் ‘மூன் ரிவர்’ பாடலும் இந்நடைக்கு உகந்தவை. பின்னதை, தொழில்முறைப் பாடகியல்லாத நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் குரலுக்குள் அடங்கும்படி ஹென்றி மான்சினி சிறிய எல்லையில் அமைத்தார். குரலுக்கு இரங்கி எழுதிய மெட்டு கைக்கும் இரக்கம் காட்டுகிறது.

பியானோ ஒலிக்கும் பாடல் பியானோவில் எளிதாக இருக்கும் என்று கருதுவது பொதுவான ஒரு பிழை. விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த ‘என்ன என்ன வார்த்தைகளோ’ (‘வெண்ணிற ஆடை’, 1965) பாடலில் பியானோவின் ஒலி மனத்தை விட்டு அகலாதது. ஆனால் அது தேர்ந்த கலைஞர் ஒருவர் பாடகியின் குரலைச் சுற்றி வாசித்த துணையிசை. அதை அப்படியே நகலெடுப்பதற்கு முன், பி. சுசீலா பாடிய மெட்டை ஒற்றைக் கையில் தெளிவாக வாசிப்பதே பயில்பவரின் வேலை. அவ்வாறே, ஒளிக்கீற்றுகள் கட்டைகளின் மேல் விழுந்து அடுத்து எதை அழுத்த வேண்டும் என்று காட்டும் காணொலிகள், விரலை இடத்துக்குக் கொண்டுசேர்க்கின்றனவே தவிர, அந்த ஸ்வரம் ஏன் அங்கே வருகிறது என்பதைச் சொல்வதில்லை. மெட்டை முதலில் வாயால் பாடி, பிறகு கட்டைகளில் தேடி, அதன்பின் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் மாணவரிடம் அடுத்த பாடலைத் தாமே கண்டறியும் ஆற்றல் வளர்கிறது. கீபோர்டில் சுருதியை மாற்றித் தரும் பொத்தானையும் இதே காரணத்துக்காகத் தொடக்கத்தில் விலக்கி வைக்கலாம். வேறு சுருதியில் வாசிக்க வேண்டுமானால் விரல்களே இடம் பெயரட்டும்.

பயிற்சி செய்யும்போது பாடல் வரிகளை மனத்துக்குள் பாடிக்கொண்டே வாசிப்பது தமிழ் மாணவருக்கு வாய்த்த தனி வசதி. சொற்களின் குறிலும் நெடிலும் பெரும்பாலும் ஸ்வரங்களின் கால அளவைச் சுட்டிவிடுகின்றன. ஒரே ஸ்வரத்தில் பல எழுத்துகள் வந்தால் கட்டையை ஒவ்வோர் எழுத்துக்கும் புதிதாகத் தட்ட வேண்டும். ஓர் உயிரொலியே பல ஸ்வரங்களில் நீண்டு செல்லுமானால், அடுத்த விரல் அழுத்திய பின்பே முந்தைய விரல் எழ வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கையும் சற்றே எழுந்து தணிய வேண்டும். இம்மூன்றையும் கடைப்பிடித்தால், இயந்திரம்போல் ஒலித்த வரிசை பாட்டாக மாறத் தொடங்கும். ஒலியை நீட்டும் மிதிகட்டையைக் காலால் அழுத்தும்போது முந்தைய ஸ்வரங்கள் மறையாமல் அடுத்தவற்றோடு கலக்கின்றன. அரைச்சுர இடைவெளியே இல்லாத மோகனத்தில் அந்தக் கலப்பு இதமாக இருக்கும். ஆனால் க–ம, நி–ஸ என நெருங்கி நிற்கும் ஸ்வரங்களைக் கொண்ட சங்கராபரணத்தில் அது உறுத்தும் என்பதால், அங்கே கார்டு மாறும்தோறும் காலை எடுத்து மீண்டும் வைக்க வேண்டும். இவை கைவந்த பின், ஒரு ஸ்வரத்துக்குச் சற்று முன்பாக அண்டைக் கட்டையை மின்னல்போல் தொட்டு விலகுவதன் மூலம் கமகத்தின் சாயலை மட்டும் காட்டலாம். பாடலில் ஓரிரு இடங்களில் அதைச் செய்தால் அழகு, எங்கும் செய்தால் ஆரவாரம்.

எளிய பாடலை வாசிப்பதில் கூச்சம் கொள்ளத் தேவையில்லை. உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளராகிய ராபர்ட் ஷூமன் 1848இல் சிறுவர்களுக்கென்றே பியானோத் துண்டுகள் எழுதித் தொகுத்தார். பேலா பார்டோக் ‘மைக்ரோகாஸ்மாஸ்’ என்ற தம் 153 துண்டுகளின் வரிசையை, ஐந்து விரல்கள் இடம் பெயராமல் வாசிக்கத் தக்க எளிமையிலிருந்து தொடங்கினார். சிறிய மெட்டும் முழுமையான இசையே என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. கடினமான பத்துப் பாடல்களின் தொடக்கத்தை மட்டும் அறிந்திருப்பதைவிட, ஒரே ஒரு மோகனப் பாடலை முதலிலிருந்து முடிவு வரை, தாளம் தவறாமல், இரு கைகளாலும் வாசிக்க அறிந்திருப்பது கலைஞருக்குரிய நிலைக்கு ஒருவரை அருகில் கொண்டுசெல்கிறது. அது கைவந்துவிட்டதா என்பதை அறிய ஒரு தேர்வு போதும்: பாடலின் பெயரைச் சொல்லாமல், அதை அறிந்த வீட்டார் ஒருவர் முன் வாசிக்க வேண்டும். அவர் மூன்றாம் அடிக்குள் தாமாகவே உடன் பாடத் தொடங்கினால், அடுத்த பாடலைத் தேடலாம். பாடவில்லையென்றால், வேகத்தைக் குறைத்து, வரிகளைப் பாடிக்கொண்டே, பல்லவியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.