மின்சாரத்தோடு செய்தியும் ஓட வேண்டும்

மின்கட்டமைப்பில் உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் செல்கிறது என்பதும் உடனுக்குடன் தெரிய வேண்டும். இதற்குத்தான் கணினி வலையமைப்பு.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்தது. உயரழுத்தக் கம்பிகள் மரங்களில் பட்டு ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. பணியாளர்களுக்கு அது உடனே தெரியவில்லை. சுமை மற்ற கம்பிகளுக்கு ஏறியது, அவையும் துண்டிக்கப்பட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி பேர் மின்சாரம் இழந்தனர்.

இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில், துணைமின் நிலையக் கருவிகள் செயற்கைக்கோள் நேரத்தைக் கொண்டு, நொடிக்குப் பலமுறை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடிகாரம் என்பதால், மாற்றம் முதலில் எங்கே தொடங்கியது என்று கண்டறியலாம்.

வகுப்பறைச் செயல்பாடு: ‘உற்பத்தி’, ‘பயன்பாடு’ என இரு குழுக்களை எதிரெதிர்ப் பக்கம் திரும்பி நிற்கச் செய்யுங்கள். பயன்பாட்டுக் குழுவில் எத்தனை கைகள் உயர்கின்றனவோ, அத்தனை கைகளை உற்பத்திக் குழுவும் உயர்த்த வேண்டும். எண்ணிக்கையை ஒரு மாணவர் அறிவிப்பார். அடுத்த சுற்றில் அவர் பத்து நொடி தாமதித்து அறிவிக்கட்டும். இரு குழுக்களும் சரியாகச் செயல்பட்டும் சமநிலை ஏன் குலைந்தது என மாணவர்களே விளக்கட்டும்.