ஓய்வும் ஒரு கடமையே



மின்சார ரயிலில் நாள்தோறும் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைக் கடக்கிறோம். அப்பெயருக்குக் காரணமான மருத்துவ விடுதியை 1928-ல் டாக்டர் சௌரி முத்து நிறுவினார். காசநோய்க்குத் தக்க மருந்தில்லாத அந்நாளில் ஓய்வும், சுத்தமான காற்றும், சத்துள்ள உணவுமே சிகிச்சை. இன்று காசத்தைத் தீர்க்க மருந்து உண்டு. களைத்த மனதுக்கோ ஓய்வு இன்றும் வேண்டியதாயிருக்கிறது.

வேதாகமத்தில் எலியாஸ் தீர்க்கதரிசியைப் பாருங்கள். துன்பம் தாளாமல், சாவை வேண்டிப் பாலைவனத்தில் ஒரு செடியடியில் படுத்துவிட்டார். சம்மனசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தது. மீண்டும் உறங்க விட்டது. எழுப்பி மறுபடியும் உண்ணச் சொன்னது. அதன் பிறகே 40 நாள் நடக்கும் பலம் அவருக்கு வந்தது.

நம் வீடுகளில் முதலில் எழுந்து கடைசியில் படுப்பவர் யார்? பெரும்பாலும் தாய்தான். அவள் சிடுசிடுத்தால் குணக்கேடு என்கிறோம். களைப்பு என்று எண்ணுவதில்லை. ஞாயிறு பூசைக்குப்பின் மற்றவர் இளைப்பாற, அவள் மட்டும் அடுப்படியில் நிற்பது நியாயமா?

ஆகவே இந்த வாரம் தொடங்கி:

1. பெரியவர்கள் இரவில் 7 மணி நேரமாவது உறங்குங்கள். படுக்கையில் கைப்பேசி வேண்டாம்.

2. ஞாயிறு சமையலைத் தகப்பனும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

3. துக்கமும் உறக்கமின்மையும் இரண்டு வாரம் நீடித்தால், ஜெபத்தோடு மருத்துவரையும் நாடுங்கள். அரசின் டெலி-மனாஸ் எண் 14416-ல் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

களைத்தவரை இளைப்பாற விடுவதும் பிறர்சிநேகமே.