ஒரு பூமரத்துக்காக ஒரு சங்கம்

கமக்காரர் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று பல சங்கங்கள் நமக்குப் பழக்கம். ஒரேயொரு இனப் பூமரத்தின்மேல் ஆசைகொண்டவர்கள் கூடிச் சந்தா கட்டி, கூட்டக் குறிப்பு எழுதி, ஒரு சங்கம் நடத்துகிறார்கள் என்றால் சிரிப்பு வரலாம். வயிற்றுக்கு வழி தேடும் வேளையில் பூ எதற்கு என்றும் கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தச் சங்கத்தார் ஒரு காரியத்தில் கெட்டிக்காரர்கள். ஒரு செடி ஒரு வளவில் அழிந்தாலும் அடியோடு அழியாதபடி அதைப் பல கைகளில் கொடுத்துவைக்கப் பழகியிருக்கிறார்கள். வளவையும் தோட்டத்தையும் விட்டுவந்த நாம் அறியவேண்டிய தொழில் அது. இம்முறை பாடம் அதைப் பற்றியதே.

முதலில் மரத்தை அறிவோம். அதன் பெயர் ரொடொடென்ட்ரன். கிரேக்கச் சொல், ரோசா மரம் என்று பொருள். இமயமலைச் சாரலிலும் சீனாவின் தென்மேற்கு மலைகளிலும் இதன் வகைகள் நூற்றுக்கணக்கில் காடாக வளர்கின்றன. நேபாளத்தின் தேசிய மலரும் இதுவே. இலங்கையிலும் ஒரு வகை உண்டு. நுவரெலியாப் பக்கத்திலும் ஹோட்டன் சமவெளியிலும் முறுக்கிய தண்டோடு நின்று, சிவப்புப் பூவைக் கொத்துக் கொத்தாக வைக்கும் மரத்தை மலையகத்தில் இருந்தவர்கள் கண்டிருப்பார்கள். சிங்களத்தில் மஹரத்மல் என்பர். தென்னிந்திய மலைகளில் காட்டுப்பூவரசு என்ற பெயரும் வழங்குகிறது. நமது வேலிப் பூவரசுக்கும் இதற்கும் உறவு இல்லை.

இது புளிப்பு மண்ணில் வாழும் மரம். மண்ணின் பி.எச். அளவு நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மண்ணில் நட்டால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பின்பு மரம் செத்துவிடும். ஆகவே வாசகர் எவரும் இதை நட முயலவேண்டாம். ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னொரு சொல்: இதன் இலை ஆட்டுக்கு நஞ்சு. சில வகைகளின் பூந்தேன்கூட மனிதரை மயக்கிவிடும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரிகன் மாநிலத்தில் போட்லண்ட் என்ற நகரம் இருக்கிறது. மாரியில் ஓயாத மழை, மிதமான குளிர், புளிப்பு மண். ரொடொடென்ட்ரனுக்கு ஏற்ற இடம். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் அங்கேதான் அமெரிக்க ரொடொடென்ட்ரன் சங்கம் தொடங்கியது. நாற்று விற்பவர்களும் வீட்டு முற்றத்தில் நாலு செடி வைத்திருந்தவர்களும் அதில் ஒன்றாக இருந்தார்கள். பின்னர் ஊர் ஊராகக் கிளைகள் வந்தன. கிளைதான் இந்தச் சங்கத்தின் உயிர். உள்ளூர்க்காரர் சிலபேர் ஒரு மண்டபத்தில், சில ஊர்களில் தேவாலய மண்டபத்தில், கூடுவார்கள். ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வார். பட்டுப்போன செடியைப் பற்றிச் சொல்பவரிடமிருந்துதான் மற்றவர்கள் அதிகம் படிப்பார்கள் என்பது என் எண்ணம். வசந்த காலத்தில் செடி விற்பனையும் கண்காட்சியும் நடக்கும். கண்காட்சிக்கு முழுச் செடி வேண்டியதில்லை. ஒரு பூங்கொத்தை வெட்டிப் போத்தலில் வைத்துப் பெயர் எழுதினால் போதும். அதனால் ஒரேயொரு செடி வைத்திருப்பவரும் ஐம்பது செடி வைத்திருப்பவரோடு ஒரே மேசையில் நிற்கலாம்.

போட்லண்ட் கிளையினருக்குச் சொந்தக் காணி இருக்கவில்லை. நகரின் தென்கிழக்கில் மாநகர சபைக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம், ஊற்றுத் தண்ணீர் தேங்கிய குளத்தருகே, முட்பற்றையாகக் கிடந்தது. 1950இல் அதைச் சபையின் இணக்கத்தோடு துப்புரவாக்கி, எந்த வகை அந்த மண்ணுக்கு ஒத்துவரும் என்று பார்க்கும் சோதனைத் தோட்டமாக நடத் தொடங்கினார்கள். தோட்டத்தின் அமைப்பை வரைந்தவரும் அக்கிளையின் அங்கத்தவரான ஒரு பெண்மணியே. 1956இல் அங்கே முதற் கண்காட்சி நடந்தது. 1964இல் அதற்குக் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ரொடொடென்ட்ரன் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள். அங்கே நிற்கும் செடிகள் தொண்டர்களும் ஆர்வலர்களும் கொடுத்தவை, அல்லது நன்கொடைப் பணத்தில் வாங்கியவை. இன்று சுமார் ஒன்பதரை ஏக்கரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செடிகள் நிற்கின்றன.

காணி யாருடையது என்ற கேள்வியை அவர்கள் முதலிலேயே தீர்த்துக்கொண்டதைக் கவனியுங்கள். நம்மில் பலர் அரச காணியிலோ, கோயிற் காணியிலோ, உறவினர் வளவிலோ இருக்கிறோம். பயன்தர ஐந்தாண்டு செல்லும் மரத்தை அங்கே நடுமுன் உரியவரிடம் ஒரு கடிதம் வாங்கிவைப்பது நல்லது. கடிதம் கிடைக்காவிட்டால் செடியைச் சாடியிலோ உரப்பையிலோ வளருங்கள். போகும்போது அதுவும் கூட வரும்.

இனிச் செடியைப் பெருக்கும் முறைக்கு வருவோம். ரொடொடென்ட்ரன் விதை தேயிலைத் தூள்போல் நுண்ணியது. மண்ணுக்குள் புதைத்தால் முளைக்காது. ஈரமான பாசியின்மேல் தூவி வெளிச்சம் படவைக்கவேண்டும். முளைத்த கன்று பூப்பதற்கு நாலைந்து ஆண்டு முதல் பத்தாண்டுக்கு மேலும் செல்லலாம். கலப்பு மரத்தின் விதையிலிருந்து தாயைப்போன்ற பிள்ளையும் வராது. நமது கொய்யாவும் அப்படித்தான். ஆகவே நல்ல மரத்தை அப்படியே இரண்டாக்க வேண்டுமானால் தண்டுத் துண்டம் அல்லது பதிவைத்தல்தான் வழி. துண்டத்தை வேர்விடச் செய்யப் பனிநீர் தெளிக்கும் கருவி, கண்ணாடிப் பெட்டி என்று பல சாமான்கள் வைத்திருப்பார்கள். பதிவைத்தலுக்கு ஒன்றுமே வேண்டியதில்லை. ஏழைக்கும் ஏற்ற முறை என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நிலத்தைத் தொடக்கூடிய தாழ்ந்த கிளை ஒன்றைத் தெரிவுசெய்வார்கள். பென்சில் பருமனான இளங்கிளை நல்லது. நுனியிலிருந்து ஒரு முழம் உள்ளே, மண்ணைத் தொடும் பக்கத்தில், ஒரு அங்குல நீளத்துக்குத் தோலை மெல்லச் சீவுவார்கள். ஆழமாக வெட்டினால் கிளை காய்ந்துவிடும். கீழே சிறு பள்ளம் தோண்டி உக்கிய இலைமண் நிரப்பி, சீவிய இடத்தை அதற்குள் வளைத்து, கவைத்தடியால் அழுத்திக் குத்தி, மேலே மண்போட்டு ஒரு கல்லை வைப்பார்கள். கல் கிளையை அசையவிடாது. கீழே ஈரத்தையும் காக்கும். நுனியை நிமிர்த்தி ஒரு தடியோடு கட்டிவிடுவார்கள். பிறகு பொறுத்திருப்பதுதான் வேலை. ரொடொடென்ட்ரன் வேர்விட ஓராண்டு, இரண்டாண்டு எடுக்கும். வேர்விட்ட பின்னும் உடனே கிளப்பமாட்டார்கள். தாய்மரத்தோடுள்ள தொடுப்பை வெட்டிவிட்டுச் சில மாதம் அங்கேயே நிற்கவிடுவார்கள். அது தன் வேரில் உண்ணப் பழகிய பின்பே எடுத்து இன்னொரு அங்கத்தவருக்குக் கொடுப்பார்கள்.

நமது எலுமிச்சை, மாதுளை, மல்லிகைக்கு இதே முறை பொருந்தும். அவை சில மாதங்களில் வேர்விடும். மாரி தொடங்கும்போது வைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலையும் மிச்சம்.

செடியோடு பெயரும் போகவேண்டும் என்பது இவர்களிடையே கண்டிப்பான வழக்கம். பெயர், யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்பவற்றை அலுமினியத் தகட்டில் எழுதிக் கிளையில் தொங்கவிடுவார்கள். புதிய கலப்பு வகைக்குப் பெயர் வைத்தால் அதை லண்டனிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் பதிவேட்டில் பதிவார்கள். ஒரு பெயர் இரண்டு வகைக்கு வரக்கூடாது. இதை வீண் ஆடம்பரம் என்று எண்ணவேண்டாம். பெயர் போனால் செடி இருந்தும் இல்லாததுபோல்தான். எது வரட்சி தாங்கியது, எது எந்த ஊரில் நின்றது என்று சொல்ல ஆளிராது. நாம் பால்மா ரின்னின் தகரத்தை வெட்டி ஆணியால் கீறினாலே எழுத்து ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

1960களில் இச்சங்கத்தவர்கள் ஒரு குறையை உணர்ந்தார்கள். காட்டிலிருந்து வந்த அசல் வகைகள் பல அமெரிக்காவில் இல்லை; இருந்தவற்றிலும் பெயர் மாறிக்கிடந்தன. இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பழைய பெருந்தோட்டங்களில் அவை நின்றன. 1964இல் இதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அத்தோட்டங்களிலிருந்து கிளைத்துண்டுகளைப் பெற்றார்கள். அமெரிக்கத் தாவரத் தடைகாப்பு விதிகள் கடுமையானவை. ஆகவே துண்டுகள் முதலில் கனடாவில், வன்கூவரிலுள்ள பல்கலைக்கழகத் தோட்டத்தில் வேர்விட்டு, பிறகு தெற்கே வந்தன. வந்தபோதும் அவற்றுக்கு நிரந்தர இடம் இருக்கவில்லை. ஒரிகனில் ஓர் அங்கத்தவரின் காணியில் சில காலம் நின்றன. பின்பு இன்னொருவரின் காணிக்கு மாறின. 1970களின் நடுப்பகுதியில் வாஷிங்டன் மாநிலத்தின் பெடரல் வே என்ற ஊரில் ஒரு பெரிய மரக் கம்பனி இடங்கொடுக்க, அங்கே குடியேறின. தோட்டம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

இடம்பெயர்ந்த தோட்டம் என்று இதைச் சொல்லலாம். அது தப்பியதற்கு மரத்தின் இயல்பும் ஒரு காரணம். ரொடொடென்ட்ரனுக்கு ஆணிவேர் ஆழமாகப் போவதில்லை. மேல்மண்ணில் பாய்போல் பின்னிக்கிடக்கும். வளர்ந்த மரத்தையே மண்கட்டியோடு கிளப்பி வேறிடத்தில் நடலாம். நமது மாவும் பலாவும் அதற்கு இடங்கொடா. 1990இலும் 1995இலும் வளவுகளை விட்டுக் கிளம்பியவர்கள் கறுத்தக்கொழும்பானையும் அம்பலவியையும் தூக்கிவர முடிந்ததா? ஆண்டுகள் பல கழித்துத் திரும்பிச் சென்ற சிலர் பற்றைக்குள் பழைய மரத்தைக் கண்டார்கள்; சிலர் அடிக்கட்டையைத்தானும் காணவில்லை. முன்பே அயலூரில் ஒரு மைத்துனரின் வளவில் ஒட்டுக் கன்று ஒன்று நின்றிருந்தால் அந்த மரம் இன்றும் இருந்திருக்கும். இராசவள்ளிக் கிழங்கு, வீட்டு மிளகாய், பயற்றை போன்றவற்றை ஒரு சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவரலாம். அவற்றைக் காப்பது இன்னும் இலகு.

ரொடொடென்ட்ரன் ஆசை தீங்கும் செய்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்த ஒரு வகை, தோட்ட மதிலைத் தாண்டிக் காட்டுக்குள் பரவியது. அயர்லாந்தின் கில்லார்னி ஓக் காடுகளில் அதன் நிழலின்கீழ் வேறு கன்று முளைப்பதில்லை. அதை வெட்டி அழிப்பதே இன்று பெரும் செலவு. 1990களின் நடுவில் கலிபோர்னியாவில் ஓக் மரங்கள் கூட்டமாகச் சாகத் தொடங்கின. அதற்குக் காரணமான கிருமி ரொடொடென்ட்ரன் இலையிலும் வாழ்கிறது என்று பின்னர் கண்டார்கள். நாற்றுமேடையிலிருந்து விற்ற செடிகளோடு அது ஊர் ஊராகப் போனது. கொடுக்கல் வாங்கலில் நோயும் கைமாறும். வாழையில் இலைகள் குறுகிக் குருத்தில் கொத்தாக நிற்கும் நோய் நமக்குத் தெரிந்ததே. அந்த மரத்தின் குட்டியைத் தானமாகக் கொடுப்பவர் நோயைத்தான் தானம் செய்கிறார். புதிதாக வந்த கன்றைச் சில வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்த பிறகு நடுங்கள்.

குழுவாகக் கூடும்போது எரேமியா ஆகமத்தின் 29ஆம் அதிகாரத்தை ஒருவர் வாசிக்கட்டும். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. தோட்டத்தைப் பற்றியும் அதில் சொல்லியிருக்கிறது. எத்தனை காலம் இருக்கப்போகிறோம் என்று தெரியாத இடத்தில் மரம் நடுவது சரியா என்று பேசுங்கள். ஒத்த கருத்து வராவிட்டாலும் பரவாயில்லை. பின்பு ஒரு கொப்பியில் ஒவ்வொரு குடும்பமும் பழைய ஊரிலிருந்து கொண்டுவந்த, அல்லது அவ்வூரிலிருந்து பின்னர் பெற்ற, செடிகளின் பெயரை எழுதுங்கள். முதியவர்களிடம் கேளுங்கள், பெயர் அவர்களிடம்தான் இருக்கும். அவற்றுள் ஒரே வளவில் மட்டும் நிற்பவை எவை? அவற்றுக்கு இந்த மாரிக்குள் இரண்டாவது வீடு யாருடையது?