மின்சாரச் சிக்கனம்: கடைசி யூனிட்டின் விலை

பால் சொசைட்டியில் பால் ஊற்றும் விவசாயி, அன்றைய கொழுப்புச் சத்து எவ்வளவு என்று கேட்காமல் வீடு திரும்புவதில்லை. உர மூட்டையின் விலை ஐந்து ரூபாய் ஏறினாலும் அவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மின்சார மீட்டரை மட்டும், ரீடிங் எடுக்க ஆள் வரும் அன்றுதான் பலரும் ஏறிட்டுப் பார்க்கின்றனர். விவசாயப் பம்புசெட்டுக்குக் கட்டணம் இல்லாததால், மின்சாரம் கணக்குப் பார்க்க வேண்டிய சரக்கே அல்ல என்ற எண்ணம் கிராமங்களில் ஊறிவிட்டது. வீட்டு இணைப்பு அப்படிப்பட்டதல்ல. அதில் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாது. எத்தனையாவது யூனிட் என்பதைப் பொறுத்து விலை ஏறிக்கொண்டே போகும்.

விலை ஏறும் படிகள்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒரு முறை ரீடிங் எடுத்துக் கட்டணம் விதிப்பது வழக்கம். முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே மாதம் வந்தது. 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-க்கு மேல் 600 வரை 8 ரூபாய். அதற்கும் மேலே போனால் 9, 10, 11 ரூபாய் என்று படி ஏறும்.

இதில் விவசாயி முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் 500. அந்த எல்லையைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதோடு நிற்பதில்லை. கீழே 101 முதல் 200 வரை கிடைத்து வந்த சலுகையும் போய்விடுகிறது. அந்த 100 யூனிட்டுக்கும் 4 ரூபாய் 50 காசு வீதம் கட்ட வேண்டும். அதாவது 501-வது யூனிட் ஓடியவுடனேயே, முன்பே செலவழித்த யூனிட்டுகளுக்காக 225 ரூபாய் கூடுதலாகச் சேருகிறது.

2024 ஜூலையில் கட்டணம் மேலும் சற்று உயர்ந்தபோதும் இந்த முறை மாறவில்லை. கணக்குச் சுலபமாக இருக்கும் பொருட்டு இங்கு 2022-ம் ஆண்டு விலையே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. தத்தம் வீட்டுக்கு இப்போது உரிய விலையை ரசீதில் பார்த்து, அதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒரு வீட்டின் கோடைக் கணக்கு

இரண்டு மாடுகளும் கொஞ்சம் நாட்டுக்கோழியும் வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயியின் வீட்டை உதாரணமாகக் கொள்ளலாம். சித்திரை, வைகாசி மாதங்கள். வீட்டில் நான்கு மின்விசிறிகள். ஒவ்வொன்றும் 75 வாட். நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுற்றுகின்றன. 60 நாளில் இவை மட்டும் 216 யூனிட் இழுக்கும். பிரிட்ஜ் சுமார் 70 யூனிட். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால், இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு யூனிட் வீதம் 60. டெலிவிஷன் 18. வீட்டுக்குள் எரியும் நான்கு எல்.இ.டி. விளக்குகள் 11. மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து 29.

இதுவரை 404 யூனிட். இனி தொழுவத்திற்கும் கோழிக்கும் வரலாம்.

மாட்டுத் தொழுவத்தில் பாம்பு, பூச்சிக்குப் பயந்து இரவு முழுவதும் ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிகிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரம். 60 நாளில் 43 யூனிட். வீட்டுக்குள் இருக்கும் நான்கு விளக்குகளையும் போல நான்கு பங்கை இந்த ஒரு பல்பு விழுங்கிவிடுகிறது! வீட்டுக்குள் எல்.இ.டி. மாட்டியவர்கள், கழற்றிய பழைய பல்பை வீணாக்க வேண்டாம் என்று தொழுவத்தில் மாட்டுவது எங்கும் காணப்படுவதுதான். மிகுந்த நேரம் எரியும் இடத்திலேயே மிகுந்த வாட் பல்பு போய்ச் சேர்கிறது.

அடுத்து, புதிதாக வாங்கிய கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பம் தர இரண்டு 60 வாட் பல்புகள். 21 நாட்கள் இரவு பகலாக எரிந்தால் 60 யூனிட்.

ஆக மொத்தம் 507 யூனிட். கட்டணம் 2,006 ரூபாய். இதே வீடு சரியாக 500 யூனிட்டில் நின்றிருந்தால் 1,725 ரூபாய்தான். கடைசி ஏழு யூனிட்டுக்கு 281 ரூபாய். ஒரு யூனிட் 40 ரூபாய்! டீசல் என்ஜின் வைத்து மின்சாரம் தயாரித்தால்கூட இந்த விலை ஆகாது.

எதைக் குறைப்பது?

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் பிள்ளைகள் டெலிவிஷன் பார்ப்பதையும், வயதானவர்களின் மின்விசிறியையும் தடுப்பது வழக்கம். இது தேவையற்ற கெடுபிடி. டெலிவிஷனை அடியோடு நிறுத்தினாலும் 18 யூனிட்தான் மிச்சமாகும். தொழுவத்துக் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால், 43 யூனிட் ஆறரை யூனிட்டாகக் குறைகிறது. வெளிச்சம் குறைவதில்லை. அந்த ஒரே மாற்றத்தில் மொத்தம் 471-க்கு வந்துவிடும். கட்டணம் 1,551 ரூபாய். அதாவது 455 ரூபாய் மிச்சம். பல்பின் விலை ஒரே ரசீதில் திரும்பி வந்துவிடுகிறது. ஜீரோ வாட் என்று பெயர் சொல்லி விற்கும் பழைய இரவு விளக்கும் உண்மையில் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். பெயரை நம்பி விடிய விடிய எரிய விட வேண்டாம்.

கோழிக்குஞ்சு விஷயத்தில் மட்டும் எல்.இ.டி. உதவாது. அங்கு தேவை வெளிச்சமல்ல, சூடு. குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும் பகுதி சூடாகவே வெளிவருகிறது; குஞ்சுக்கு வேண்டியது அதுதான். சிக்கனம் என்று எண்ணி எல்.இ.டி. மாட்டினால் குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துப்போகும். குஞ்சு ஒன்றுக்கு ஒரு வாட் முதல் இரண்டு வாட் வரை என்பது பொதுவான கணக்கு. ஆனால் சித்திரை வெயிலில் நடுப்பகலிலும் இது வேண்டுமா என்பதைக் குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் நெருக்கியடித்து நின்றால் சூடு போதவில்லை. ஓரமாக விலகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தீனித் தட்டு, தண்ணீர், பல்பு என்று எங்கும் பரவலாகத் திரிந்தால் சரியான சூடு. முதல் வாரத்தில் பல்பை அணைப்பதானால் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் அணைக்க வேண்டும். மழைக்கோலம், வாடைக்காற்று உள்ள நாளில் அணைக்கவே கூடாது. கோடையில் பகலில் சராசரி 10 மணி நேரம் அணைக்க முடிந்தால் 25 யூனிட் மிச்சமாகும். தொழுவத்துப் பல்பையும் மாற்றிய அந்த வீட்டுக்கு மொத்தம் 446 யூனிட். கட்டணம் 1,401 ரூபாய். முதலில் வந்த தொகையைவிட 605 ரூபாய் குறைவு. மின்விசிறியில் யாரும் கை வைக்கவில்லை.

குஞ்சு இறக்கும் தேதியையும் யோசிக்கலாம். ரீடிங் எடுத்தவுடன் கணக்கு மீண்டும் முதல் யூனிட்டிலிருந்து தொடங்குகிறது. ஆகையால் ரீடிங் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகக் குஞ்சு இறக்கினால், பல்புச் செலவு பாதி இந்தக் கணக்கிலும் பாதி அடுத்த கணக்கிலுமாகப் பிரிந்துவிடும். 500-ஐ ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இது பலன் தரும். 350, 400 என்று ஓடும் வீட்டுக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

மீட்டரைப் படிப்பது

60 நாளில் 500 என்றால் நாளொன்றுக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று அதிகம், வாரத்திற்கு 58. ரீடிங் எடுத்த அன்று அட்டையில் உள்ள எண்ணைக் காலண்டரில் குறித்துவைத்து, வாரம் ஒரு நாள், சந்தைக்குப் போகும் நாளென்றே வைத்துக்கொண்டு, மீட்டரைப் பார்த்து எழுதி வர வேண்டும். முப்பதாவது நாளில் 250-ஐத் தாண்டியிருந்தால் கையைச் சுருக்க இன்னும் ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது. 58-வது நாளில் பார்த்துப் பயன் இல்லை. ரீடிங் எடுப்பது சில நாள் தள்ளிப்போனால், அந்த நாட்களில் ஓடிய யூனிட்டும் அதே கணக்கில் சேர்ந்து எல்லையைத் தாண்டச் செய்யலாம். உரிய தேதியில் மீட்டர் காட்டிய எண்ணைத் தாமே குறித்து வைத்திருப்பவர்தான் பிரிவு அலுவலகத்தில் போய்த் தம் குறையைத் தெளிவாக எடுத்துச் சொல்ல முடியும்.

எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்பதையும் மீட்டரே காட்டும். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது முகப்பில் அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், நிமிடத்துக்கு நான்கு மினுக்கு என்பது 75 வாட். அதாவது ஒரு சாதாரண மின்விசிறி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு கருவியை மட்டும் ஓட விட்டு எண்ணினால், அது தின்னும் மின்சாரம் தெரிந்துவிடும். எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், எங்கோ ஏதோ ஓடுகிறது, அல்லது பழைய வயரிங்கில் மின்சாரம் கசிகிறது. ஈரச் சுவரில் கசியும் மின்சாரம் பணத்தோடு ஆளையும் கொண்டுபோகும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுவதில் தாமதம் கூடாது.

500-க்குள் நிற்பதற்காகத் தோட்டத்துப் பம்புசெட் இணைப்பிலிருந்து வீட்டுக்கு வயர் இழுப்போரும் உண்டு. விவசாயத்திற்கென்று தந்த இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வருகிறது. உரிய கட்டணத்தின் இரு மடங்கில் மதிப்பிட்டு வசூலிக்க அதில் இடம் இருக்கிறது. இருநூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்ப் பம்புசெட் இணைப்பையே சிக்கலில் மாட்டிவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது. வரப்பு ஓரமாகக் கழியில் கட்டி இழுத்த வயரில் மாடு சிக்கினால் நஷ்டம் வேறு.

நேரத்துக்கு ஒரு விலை

யூனிட் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறும் விலையோடு, நேரத்துக்கு ஏற்ப மாறும் விலையும் நாட்டில் வரத் தொடங்கியுள்ளது. பகலில் சூரிய ஒளி மின்சாரம் ஏராளமாகக் கிடைக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடுகிறது. அதே நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் போடுகின்றனர். ஆகவே பகலில் மலிவு, மாலையில் உயர்வு என்பது ஏற்பாடு. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய விதிகளில், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும் வீடுகளுக்கு 2025 ஏப்ரல் முதல் இந்த முறை வர வேண்டும் என்று கூறப்பட்டது. சூரிய ஒளி உள்ள நேரத்தில் சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு; உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் அதிகம். விவசாய இணைப்புகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவாகும் வீடுகளுக்கு 2025 ஜனவரி முதல் பகலில் 10 சதவீதம் குறைவாகவும், மாலை 6 மணி முதல் 10 மணி வரை 25 சதவீதம் அதிகமாகவும் விலை வைக்கப்பட்டது.

இந்த முறை வரும் ஊர்களில் பட்டணத்து உத்தியோகஸ்தரைவிட விவசாயக் குடும்பத்துக்கு ஒரு வசதி உண்டு. பகலில் வீட்டில் ஆள் இருக்கும். மோட்டார், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைக் காலைப் பால் கறவை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மார்கழியில் வெந்நீருக்குப் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடையும் அந்தி நேரத்தில் தவிர்க்கலாம். ஆனால் மேலே சொன்ன வீட்டில் இப்படி நேரம் மாற்றத்தக்கது மோட்டாரின் 60 யூனிட், இஸ்திரி, அரைவை எல்லாம் சேர்த்து 85 யூனிட்தான். விசிறியையும் விளக்கையும் பகலுக்கு மாற்ற முடியாது. இந்த 85 யூனிட்டும் இப்போது மாலையில் ஓடுகிறது என்று வைத்தாலும், மத்திய விதியின்படி 4 ரூபாய் 50 காசு விலையில் கிடைக்கும் லாபம் இரண்டு மாதத்துக்கு 115 ரூபாய் அளவே. தொழுவத்துப் பல்பை மாற்றியதில் கிடைத்தது 455.

ஆகவே ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள மீட்டரிலேயே இன்று இரவு, எல்லாரும் படுத்த பிறகு, நிமிடத்துக்கு எத்தனை மினுக்கு என்று எண்ணிப் பார்க்கலாம்.